கலீம் பாயின் இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள்

ஊர் மலர் ஒன்று போடுகிறார்களாம். நம் ஊர்ச் சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் டீச்சர் என்று கேட்டார்கள். சாதாரண மனிதர் என்றாலே நல்ல மனிதர் என்று இவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். சன்னதித் தெருவில் பூ விற்கிற அம்மாவை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் கலீம் பாயைப் பற்றி எழுதப்போகிறேன். அவரை எனக்குப் பிடிக்காது. முதலில் அவர் எழுதியது பிடிக்காமல் போயிற்று, பிறகு ஆளையே பிடிக்காமல் போயிற்று. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரிந்த கதைதான்.

என் பெயர் மங்கையர்க்கரசி. திருப்புட்குழிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். பள்ளி நேரம் போக, ஒரு தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்தில் நிர்வாகியாகவும் இருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கும் களஞ்சியம் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், யாராவது ஒருவர் குப்பையை அள்ளவும் வேண்டும். அந்த வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

கலீம் பாய்க்கு நாற்பத்தெட்டு வயது. ஒலிமுகமதுபேட்டையில் பிறந்தவர். அப்பா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். இவர் பாலிடெக்னிக் முடித்து, ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்து, அதை மூடியதும் ஊருக்குத் திரும்பினார். அந்தச் சமயம் பட்டுக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து சரிகை சோதிக்க ஒரு மிஷின் வாங்கியிருந்தார்கள். சரிகையில் வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை, தங்கம் எத்தனை என்று எக்ஸ் கதிரை விட்டுப் பார்த்துச் சொல்லும் மிஷின். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கலீம் பாய் போய் உட்கார்ந்தார்.

வேலையில் குறை சொல்ல முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். சரிகையை ஒரு சிறிய அட்டையில் நெருக்கமாகச் சுற்றுவார், இழை மேல் இழை ஏறாது. அதை மிஷினுக்குள் வைத்து மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வந்தவர் என்ன கேட்டாலும் பதில் வராது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதைப் போல. தாள் வெளியே வந்ததும் மடித்து உறையில் போட்டுக் கொடுப்பார். நல்ல சரிகையா, கெட்ட சரிகையா என்று கேட்டால், "அதுல எழுதியிருக்குதுபா" என்பார்.

2019-ஆம் வருடக் கடைசியில் எங்கள் களஞ்சியத்தில் குட்டிக் குட்டிப் பக்கங்கள் முளைக்க ஆரம்பித்தன. 'செயலறு நேரம்' என்று ஒன்று. 'கூட்டு முகடு' என்று ஒன்று. 'துடிப்புக் குவிவு', 'விடுபடு முகடு' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் நாலு வரி, மிஞ்சிப் போனால் ஆறு வரி. எல்லாம் எக்ஸ் கதிர்க் கருவிகளைச் சேர்ந்த சொற்கள். இயற்பியலில் முதுகலை படித்தவர்களே பாதியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எழுதியவர் பெயர் கலீம், ஊர் காஞ்சிபுரம் என்று போட்டிருந்தது. அட, நம் ஊர்க்காரர் ஆயிற்றே என்று முதல் மாதம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை முதல் மாதத்தோடு தீர்ந்தது.

ஏன் என்று சொல்கிறேன். என் வகுப்பில் தீபிகா என்று ஒரு பெண். கெட்டிக்காரி. எக்ஸ் கதிர் பற்றிச் செயல்திட்டம் எழுதி வரச் சொன்னால், கலீம் பாயின் பக்கங்கள் ஆறை ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். செயலறு நேரம் என்றால் என்ன என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். எக்ஸ் கதிர் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். சட்டையே இல்லாமல் பொத்தானை மட்டும் தைத்து வைத்த மாதிரி இருந்தது. களஞ்சியம் என்பது ஒரு விஷயத்தைத் தொடங்கி முடித்துச் சொல்ல வேண்டும். துணுக்குத் துணுக்காகப் பிய்த்துப் போட்டுவிட்டு, பொறுக்கிக்கொள் என்றால் யார் பொறுக்குவார்கள்? எக்ஸ் கதிர்ச் சோதனை பற்றி நன்றாக ஒரு கட்டுரை எழுதி, இந்தச் சொற்களையெல்லாம் அதற்குள் உட்தலைப்பாக வைத்தால் போதும். இதை அவருக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு பக்கம் வந்தது.

2023-இல் ஏனாத்தூரில் களஞ்சியத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பயிலரங்கு வைத்தோம். அங்குதான் ஆளை நேரில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஓரத்து நாற்காலி. தேநீர் இடைவேளையில் நானே போய்ப் பிடித்தேன்.

"இத்தன வார்த்தைக்கும் தனித்தனிப் பக்கம் எதுக்கு பாய்? ஒரே கட்டுரையா எழுதக் கூடாதா?"

"தேடறவனுக்கு முழுக் கட்டுர எதுக்கு டீச்சர்? அவன் கைல ஒரு தாளு இருக்குது. அதுல ஒரு வார்த்த இருக்குது. அத போட்டா அது வரணும். அவ்ளோதான்."

"உங்க பக்கத்த மாசத்துக்குப் பதினோரு பேர் பாக்கறாங்க. அதுல நாலு தடவ நான்."

"அப்போ ஏழு பேரு."

"அந்த ஏழுல அஞ்சு பேரு வேற எதையோ தேடி வந்து விழுந்தவங்க."

"ரெண்டு பேரு போதும் டீச்சர்."

"ரெண்டு பேருக்காகக் களஞ்சியம் நடத்த முடியாது பாய். நீங்க எழுதறது களஞ்சியம் இல்ல, உங்க சொந்த நோட்டுப் புத்தகம்."

அவர் டீக் கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு எழுந்து போனார். மதிய அமர்வுக்கு வரவில்லை. ஒரு மனிதன் சண்டைகூடப் போட மாட்டேன் என்று நகர்ந்துவிட்டால், அதைவிட எரிச்சல் தருவது வேறு ஒன்றும் இல்லை.

போன வருடம், அதாவது 2024 செப்டம்பரில், எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். போதும் என்று முடிவு செய்தேன். எங்கள் விதி இதுதான்: ஒரு பக்கத்தை எடுக்க வேண்டும் என்றால் ஏழு நாள் விவாதத்துக்கு விட வேண்டும். அந்தச் சொல்லுக்குத் தனிப்பக்கம் ஏன் தேவை என்று எழுதியவர் சான்று காட்டலாம். மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம். கடைசியில் நிர்வாகி தீர்ப்பு எழுதுவார். இருநூற்றுப் பதினான்கையும் ஒரே நேரத்தில் விவாதிக்க முடியாது என்பதால், ஒன்றை எடுத்தேன். 'விடுபடு முகடு'. இது போனால் மற்றவையும் போகும் என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

முதல் மூன்று நாளும் எல்லாம் என் பக்கம்தான். எனக்குத் தெரிந்த மூன்று பேருக்குப் போன் போட்டு, வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அது விதிக்குப் புறம்பு. செய்தேன், மறைக்கவில்லை. கலீம் பாய் ஆங்கிலப் பாடநூல்கள் நான்கைக் காட்டினார். நான்கிலும் இந்தச் சொல்லுக்கு இரண்டிரண்டு வரிதான் இருந்தது. இரண்டு வரிக்கு ஒரு பக்கமா என்று கேட்டு எழுதினேன்.

நான்காம் நாள் மதியம், ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். அவர் எழுதியிருந்தார். இவ்வளவு நீளமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

"இந்தச் சொல்லுக்குத் தனிப்பக்கம் ஏன் என்று கேட்கிறீர்கள். 2018 மார்ச்சில் சரிகை வியாபாரி ஜாஃபர் அவர்களின் சரிகையைச் சோதித்தேன். செம்போடு கொஞ்சம் இரும்பும் இருப்பதாக மிஷின் காட்டியது. இரும்புக் கலப்பு உண்டு என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செம்பிலிருந்து வரும் கதிர் மிஷினுக்குள் இருக்கும் சிலிக்கான் உணரியில் விழும்போது, சில நேரம் அதன் ஆற்றலில் ஒரு பங்கு வெளியே போய்விடும். மீதி ஆற்றலை மிஷின் வரைபடத்தில் வேறு இடத்தில் ஒரு முகடாகப் பதிந்துகொள்ளும். அந்த இடம் இரும்பின் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இதற்குப் பெயர்தான் விடுபடு முகடு. அடுத்த வருடம் ஆகஸ்டில் பழுது பார்க்க வந்த பொறியாளர், மென்பொருளில் இதற்கான திருத்தம் அணைந்திருப்பதைப் பார்த்து இயக்கி வைத்தார். எடுத்து வைத்திருந்த அதே சரிகையை மறுபடி சோதித்தேன். இரும்பு இல்லை. அறிக்கை எழுதிய அன்று எனக்கு இந்தச் சொல் தெரியாது. என்னைப் போல இன்னொருவர் ஏமாறக் கூடாது. அதனால் பக்கத்தை விட்டு வையுங்கள்."

ஜாஃபர் பாயை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. சரிகை வாங்க வேண்டும் என்றால் அவர் கடை என்று இருந்த காலம் உண்டு. அந்த அறிக்கைக்குப் பிறகு மூன்றே மாதத்தில் பட்டுக்கடைகள் ஒவ்வொன்றாக அவரிடம் வாங்குவதை நிறுத்தின. கடைத்தெருவில் அவருக்கு 'இரும்பு பாய்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது அதே கடையில் செருப்பும் பள்ளிக்கூடப் பையும் விற்கிறார்.

அதை இரண்டு முறை படித்தேன். டப்பாவை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சொல்லே தெரியாது என்கிறாரே, சொல் தெரியாதவர் எதைப் போட்டுத் தேடியிருப்பார்? இருநூற்றுப் பதினான்கு அல்ல, ரெண்டாயிரம் பக்கம் இருந்திருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருக்காது. மிஷின் எப்படி வேலை செய்கிறது, எங்கெல்லாம் பொய் சொல்லும் என்று நன்றாக ஒரு கட்டுரை இருந்திருந்தால், அதைப் படித்திருப்பார், ஒரு நிமிடம் நிதானித்திருப்பார். அவருடைய கதை என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியது. அவருக்கே அது புரியவில்லை.

ஏழாம் நாள் தீர்ப்பு எழுதினேன். சொந்த அனுபவம் சான்று ஆகாது. பக்கம் நீக்கப்படுகிறது, செய்தி பொதுக் கட்டுரையில் சேர்க்கப்படும். காலாண்டு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, இருநூற்றுப் பதினான்கையும் ஒரே கட்டுரையாக்கினேன். நல்ல கட்டுரை. இன்றைக்கும் சொல்வேன், தமிழில் அதைப் போல இன்னொன்று கிடையாது.

ஆனால் எங்கள் களஞ்சியத்தில் இன்னொரு விதியும் உண்டு. பக்கத்தை நீக்கினாலும், அதைப் பற்றி நடந்த விவாதத்தை நீக்கக் கூடாது. அது அப்படியே இருக்கும், யாரும் படிக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் கலீம் பாய் எழுதியதைப் படம் பிடித்துப் பட்டுக்கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நாலே நாளில் ஊர் முழுவதும் சுற்றியது. கடைக்காரர்கள் கூடிப் பேசி, கலீம் பாயை மிஷினிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி நாஸியா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பக்கத்ததான் எடுத்துட்டீங்களேமா. அவர் எழுதினது மட்டும் ஏன் அங்கயே இருக்குது? அதையும் எடுத்துருங்கமா."

"முடிஞ்ச விவாதத்த அழிக்கக் கூடாதும்மா. விதி அப்பிடி."

"நாலு பேருக்கு ஒதவறத எடுத்துட்டு, மானத்த வாங்கறத மட்டும் வெச்சிக்கினு இருக்கறீங்க. இதுக்குப் பேரு விதியா?"

டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று படியிறங்கிப் போனார். அன்று இரவெல்லாம் எனக்கு நாஸியா மேல் கோபம், கலீம் பாய் மேல் கோபம், விதியை எழுதியவர்கள் மேல் கோபம். அவர்களில் நானும் ஒருத்தி.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கினால், நிறுத்தத்தில் ஜாஃபர் பாய் நிற்கிறார். கையில் அந்த விவாதத்தின் அச்சுத்தாள்.

"நீங்கதானே அந்த டீச்சர்? இதுல எழுதியிருக்கறது நிஜமா? அவன் கதைய கேக்கல. இந்த செம்பு, இரும்பு விஷயம் நிஜமான்னு கேக்கறேன்."

அங்கேயே நின்று, அவர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினேன். இது செம்பு நிற்கும் இடம். இவ்வளவு ஆற்றல் வெளியே போனால் இங்கே வந்து நிற்கும். இது இரும்பின் இடம். இரண்டும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் என் மாணவர்கள் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"அப்போ இரும்பு இல்ல."

"இல்ல பாய்."

"அன்னிக்கும் இல்ல."

"என்னிக்குமே இல்ல."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கூட வாங்க டீச்சர். அவன் வீட்டுக்குப் போறேன். தனியா போனா கை நீட்டிருவேன்" என்றார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

கலீம் பாய் மேசையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஜாஃபர் பாய் உருதுவில் ஏதோ ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "தமிழ்லயே பேசறேன், டீச்சருக்கும் புரியட்டும்" என்றார்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"பத்தொம்பதுல. ஆகஸ்ட் மாசம்."

"அஞ்சு வருஷம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம ஒரே பள்ளிவாசல். ஒரே வரிசைல நின்னிருக்கறோம். எனக்கு சலாம் சொல்லிக்கினு இருந்த. கை குடுத்துக்கினு இருந்த."

நாஸியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் கட இங்கருந்து எவ்ளோ தூரம்?"

"மூணாவது தெரு."

"நேரா வந்து 'இரும்பு இல்ல ஜாஃபர் பாய்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒன்ன இழுத்துக்கினு கட கடையா ஏறி எறங்கியிருப்பேன். என் தொழில் பொழச்சிருக்கும். நீ யாருக்கு சொன்ன? கம்ப்யூட்டருக்கு."

"உங்களுக்குத்தான் பாய் எழுதினேன்." கலீம் பாயின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "என்னிக்காவது ஒருநாள் நீங்க தேடுவீங்க, கண்ணுல படும்னு நெனச்சேன்."

"தேடினேன்டா. நான் தேடலன்னு யார் சொன்னது? ராத்திரி பகலா தேடினேன். சரிகைல இரும்பு எப்பிடி வரும்னு தேடினேன். எனக்குத் தெரிஞ்ச வார்த்த அதான். நீ பேரு வெச்ச வார்த்த எனக்கு எப்பிடித் தெரியும்?"

இதற்கு என்னிடம் பதில் உண்டு, நான் எழுதிய கட்டுரை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரைக்கு வயது இரண்டு வாரம். எனவே வாயை மூடிக்கொண்டேன்.

ஜாஃபர் பாய் கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு, "வர்ற வெள்ளிக்கிழம ஜும்மா தொழுக முடிஞ்சதும் எழுந்து நின்னு சொல்லு. கடைக்காரங்கள நான் வாசல்ல கூப்ட்டு நிக்க வெக்கறேன். நாலு வார்த்த. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"எழுதித் தர்றேன் பாய். இமாம் படிக்கட்டும்."

"எழுதினதெல்லாம் போதும்பா. வாயால சொல்லு."

கலீம் பாய் தலையை ஆட்டினார். ஜாஃபர் பாய் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "போய்ச் சொல்லிடுங்க பாய்" என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஒரு பாடவேளை ஓய்வு. இரண்டு மணிக்கு ஜாஃபர் பாய் போன் செய்தார். "பதினெட்டு பேர வாசல்ல நிக்க வெச்சிருந்தேன் டீச்சர். அவன் வரல" என்றார். போனை வைத்துவிட்டார்.

களஞ்சியத்தைத் திறந்தேன். பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் புதுப் பக்கம் ஒன்று ஏறியிருந்தது. 'பின்சிதறல்'. எழுதியவர் கலீம், காஞ்சிபுரம். நாலு வரி. பிழை ஒன்றும் இல்லை. இரண்டு நூல்களை மேற்கோள்கூடக் காட்டியிருந்தார். விதிப்படி ஏழு நாள் விவாதத்துக்கு விட்டிருக்க வேண்டும். நான் ஏழு நிமிடம்கூட விடவில்லை. அழித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனேன்.